வெட்டவெளியில் வெல்டிங், கட்டிங்: புகையையும் நாற்றத்தையும் எங்கே பிடித்து நிறுத்துவது

"வெளியிலதானே வேலை, காத்து அள்ளிட்டுப் போயிடும்" என்ற நினைப்பில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. காற்று அள்ளிக்கொண்டு போவது உண்மைதான். ஆனால் ஆர்க்கிலிருந்து (உலோகத்தை உருக்கும் மின்பொறி) எழும் சூடான புகை முதலில் குனிந்திருக்கும் வெல்டரின் முகத்தைத் தாண்டுகிறது. அதன் பிறகுதான் காற்றின் கைக்குப் போகிறது. அங்கிருந்து பக்கத்து ஜன்னலுக்குப் போகிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. அதையொட்டி 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு, சாதாரண இரும்பை வெல்டிங் செய்வதற்கும் இது பொருந்தும், வெட்டவெளியில் செய்தாலும் தகுந்த சுவாசக் கவசம் வேண்டும் என்று எச்சரித்தது. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வேலைக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும் என்ற பழைய கணக்கு இனி செல்லாது.

புகைத் தொல்லையில் பெரும்பகுதி ஆர்க் அடிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பரப்பு எப்படி இருக்கிறது, எந்த ராடு (உருகி இணைப்பாகும் வெல்டிங் குச்சி), எத்தனை ஆம்ப்ஸ் (மின்னோட்ட அளவு), எங்கே நிற்கிறோம் என்ற நான்கும் சரியாக இருந்தால், பிடித்து வெளியேற்ற மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்த நான்கையும் விட்டுவிட்டு நேரே பெரிய ஃபேன் வாங்கப் போனால், ஒரே புகையை இன்னும் வேகமாக இன்னும் பல பேருக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

புகையின் நிறமும் வாசனையும்

சுத்தமான இரும்பில் சரியாக ஓடும் ராடிலிருந்து வருவது மெல்லிய சாம்பல் நிறப் புகை. அதில் பெரும்பங்கு ராடிலிருந்தும் அதன் மேல்பூச்சிலிருந்தும் வருகிறது. இரும்புத் தகட்டின் பங்கு சிறியது. இதிலிருந்து நிறமோ மணமோ மாறினால் காரணம் ஏதோ ஒன்று இருக்கிறது.

வெள்ளைப் புகை அடர்த்தியாக எழுந்து, சுற்றிலும் நூலாம்படை போல வெள்ளைத் துகள் படிந்தால் அது துத்தநாகம். ஜிஐ பூச்சு எரிகிறது. கருப்பாகவோ பழுப்பாகவோ எண்ணெய்ப்பசையோடு எழுந்தால் பைப்பின் துருத் தடுப்பு எண்ணெய், பெயின்ட் அல்லது கிரீஸ். தொண்டையைக் கரிக்கும் காரமான பிளாஸ்டிக் நாற்றம் பவுடர் கோட்டிங், எபாக்சி, பாலியூரிதேன் பூச்சுகளிலிருந்து வரும். பாலியூரிதேன் எரியும்போது மூச்சுக்குழாயைத் தாக்கும் ஐசோசயனேட் வெளியாகும், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. அலுமினியத்தையும் எஸ்எஸ்ஸையும் டிக் (உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க்), மிக் (தானாக ஓடிவரும் வயரில் ஆர்க்) முறையில் செய்யும்போது மூக்கைக் குத்தும் கூர்மையான வாடை ஓசோன். புகை கண்ணுக்குத் தெரியாது என்பதால் டிக் வெல்டிங் பாதுகாப்பானது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்; ஓசோனும் கண்ணுக்குத் தெரியாது.

மீன் கருகியது போன்ற வாடை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு மின் இணைப்பைப் பாருங்கள். எர்த் கிளாம்ப் தளர்ந்து கேபிள் உறை சூடாகிறது, அல்லது பிளக் கருகுகிறது. எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்தைப் பெயின்ட் போகத் தேய்த்து, பளிச்சென்ற இரும்பில் மாட்டினால் பாதி வாடை அங்கேயே நிற்கும். கேபிள் சுருளாக மடிந்து கிடக்கும்போதும் உறை சூடாகும்; நீட்டிப் போட்டு வேலை செய்யுங்கள்.

பூண்டு வாடை அசிட்டிலின் கசிவின் அடையாளம். சோப்பு நுரையால் இணைப்புகளைச் சோதித்து, கசிவைச் சரிசெய்யும்வரை தீ பற்றவைக்கக் கூடாது.

பரப்பைச் சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை

பெயின்டோ பிரைமரோ உள்ள தகட்டில் வெல்டிங் வரும் கோட்டின் இரு பக்கமும் குறைந்தது 5 செ.மீ., முடிந்தால் 10 செ.மீ. அகலத்துக்கு வெறும் இரும்பு தெரிய வேண்டும். கேஸ் கட்டிங் என்றால் 10 செ.மீ.க்குக் குறையாமல். தகட்டின் மறுபக்கத்தை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், அடிப்பக்கப் பெயின்ட் வெந்து புகை கிளம்பும்; "எல்லாம் தேய்ச்சாச்சே, எங்கிருந்து வருது" என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

பழைய கட்டட இரும்பில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். ஈயச் சோதனைக் குச்சியால் முதலில் பாருங்கள். ஈயம் என்று தெரிந்தால் கிரைண்டரையும் கேஸ் டார்ச்சையும் அதன் மேல் வைக்காதீர்கள். இரண்டுமே ஈயத்தைக் காற்றில் ஏற்றும். ஈரப்படுத்திச் சுரண்டி, விழுந்ததைப் பையில் கட்டி அகற்றுவதே வழி. கெமிக்கல் பெயின்ட் ரிமூவர் போட்டால் அதைத் துளியும் மிச்சமில்லாமல் கழுவித் துடைத்துக் காயவிட்ட பிறகே ஆர்க்.

எண்ணெய் படிந்த புது பைப்புக்கு டிடர்ஜென்ட் கரைசலும் துணியும் போதும். அவசரத்துக்கு அசிட்டோன் பயன்படுத்தினால் முழுக்க ஆவியாகும்வரை பொறுத்து, டப்பாவையும் துணியையும் தீப்பொறி எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர், டிகிரீசர் எதையும் வெல்டிங் செய்யும் பரப்பில் அடிக்கவே கூடாது. ஆர்க்கின் சூடும் புற ஊதா ஒளியும் அதை ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாற்றும். சின்ன இடுக்கில் தேங்கிய சில துளிகளே ஆபத்தை உண்டாக்கப் போதும். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் நுரையீரலில் நீர் கோத்திருக்கும். டப்பாவின் பின்புறம் மெத்திலின் குளோரைடு, டைக்குளோரோமீத்தேன், பெர்குளோரோஎத்திலின், டிரைகுளோரோஎத்திலின் என்ற பெயர்களில் ஒன்று இருந்தாலும் அதைப் பட்டறையை விட்டே அகற்றிவிடுங்கள்.

ஜிஐ பைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துத்தநாகம் 420 டிகிரியில் உருகி 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். இரும்பு உருகுவதோ 1,500 டிகிரியை ஒட்டி. ஆகவே இரும்பு உருகும் இடத்தில் துத்தநாகம் ஆவியாகாமல் இருக்க வழியே கிடையாது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் அன்று இரவில், நாக்கில் உலோகச் சுவை, குளிர் நடுக்கம், காய்ச்சல், உடல்வலி வரும். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும் என்பதாலேயே இதை அலட்சியப்படுத்துகிறார்கள். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை வெல்டர்களிடம் எங்கும் உண்டு. நுரையீரலுக்குள் போனதை வயிற்றுக்குள் போகும் பால் ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ அது வெறும் புகைக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், என்ன உலோகத்தில் வேலை செய்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஃபிளாப் டிஸ்கால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு) ஜிஐ பூச்சை எடுக்கும்போது பொறியைக் கவனியுங்கள். துத்தநாகம் பொறி தராது. டிஸ்க் சும்மா வழுக்கிக்கொண்டு சாம்பல் தூள் மட்டும் விழும்வரை பூச்சு இன்னும் இருக்கிறது. ஆரஞ்சுப் பொறி சீராகப் பறக்க ஆரம்பித்தால் இரும்பைத் தொட்டுவிட்டீர்கள். பளபளப்பு போனவுடன் நிறுத்திவிடக் கூடாது. பளபளப்புக்கு அடியில் மங்கலான சாம்பல் நிறத்தில் துத்தநாகமும் இரும்பும் கலந்த அடுக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் புகையும். தேய்க்கும்போதே மாஸ்க் போட்டிருக்க வேண்டும்.

வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பைப்பின் உள்பக்கப் பூச்சு அப்படியே இருக்கும். அந்தப் புகை பைப்பின் திறந்த முனை வழியாக வெளியேறும். முனை உங்கள் பக்கம் பார்த்திருந்தால் எல்லாம் உங்களுக்குத்தான். பைப்பைத் திருப்பி வைத்து, முனையிலேயே உறிஞ்சுகுழாயைப் பொருத்துங்கள். இரண்டு முனையையும் அடைத்து வைக்கும் வேலை வேண்டாம். உள்ளே சூடேறும் காற்று உருகிய வெல்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

முடிந்தால் சாதாரண இரும்பில் வெல்டிங்கை முடித்துவிட்டுப் பிறகு ஜிங்க் பூச்சு கொடுப்பதோ, ஜிஐயில் போல்ட், கிளாம்ப் போட்டு இணைப்பதோ எல்லாவற்றையும்விட நல்லது. பழைய மஞ்சள் பளபளப்புள்ள போல்ட்டுகளை வெல்டிங்கும் செய்யாதீர்கள், சூடாக்கியும் கழற்றாதீர்கள். அது துத்தநாகமாக இருக்கலாம், காட்மியமாகவும் இருக்கலாம். கண்ணால் பிரித்தறிய முடியாது. காட்மியப் புகை உயிரைப் பறிக்கும். முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் காட்டும்.

ராடு, ஆம்ப்ஸ், ஆர்க் நீளம்

ஒரே இணைப்பை வெவ்வேறு முறைகளில் போட்டால் புகையின் அளவு பெரிய அளவில் மாறும். கேஸ் இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கோர் வயர் (உள்ளே ஃபிளக்ஸ் தூள் அடைத்த வயர்) அதிகம் புகையும். செல்லுலோஸ் பூச்சுள்ள 6010, 6011 ராடுகளும் அப்படித்தான் (இந்த எண்கள் ராடின் வகையைக் குறிப்பவை). 6013 அதைவிடத் தேவலாம். சாலிட் வயர் மிக் இன்னும் குறைவு. அதிலும் வெறும் கார்பன் டை ஆக்சைடைவிட ஆர்கான் கலந்த கேஸில் புகையும் ஸ்பேட்டரும் (தெறிக்கும் உலோகத் துளிகள்) குறையும். டிக் எல்லாவற்றிலும் குறைவு. வீடுகள் நெருங்கிய இடத்தில் மெல்லிய தகட்டு வேலைக்கு ஃபிளக்ஸ் கோரை எடுப்பது தவறான தேர்வு.

ராடு மாற்ற முடியாத இடத்தில் ஆம்ப்ஸைக் குறையுங்கள். 2.5 மி.மீ. 6013 ராடு பொதுவாக 60 முதல் 90 ஆம்ப்ஸில் ஓடும். 75-ல் நன்றாகப் பிடிக்கும் வேலையை 90-ல் ஓட்டினால் கூடுதல் புகையும் ஸ்பேட்டரும்தான் லாபம். ஆர்க் நீளம் ராடின் உள்கம்பி விட்டத்தைத் தாண்டக் கூடாது. கை தளர்ந்து ஆர்க் நீளும்போது சத்தம் மாறுவதைக் காது கேட்கும். சீரான பொரியல் சத்தம் போய், காற்றுப் பிதுங்குவது போன்ற சத்தம் வந்தால் புகையும் கூடியிருக்கும்.

ஈரம் ஏறிய ராடு வெடித்து வெடித்து எரியும். திறந்த பாக்கெட்டில் கிடந்த 7018 ராடை ஓவனில் ஏறத்தாழ 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். சரியான வெப்பநிலை பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். 6010, 6011 ராடுகளுக்கு இதைச் செய்யக் கூடாது, அவற்றின் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை.

எங்கே நிற்பது, எப்போது செய்வது

காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் புகை முன்னால் போய்விடும் என்பது சரிபோலத் தோன்றும். நடப்பது வேறு. முதுகில் மோதும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு போகும்போது நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகிறது. அந்தச் சுழல் புகையை மேலே தூக்கி நேரே ஹெல்மெட்டுக்குள் கொண்டுவருகிறது. காற்று இடது அல்லது வலது தோளின் பக்கமிருந்து குறுக்கே வரும்படி நிற்பதுதான் சரி. சந்தேகமிருந்தால் ஆர்க் வரும் இடத்தில் ஊதுபத்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வெல்டிங் செய்யும் அதே நிலையில் குனிந்து பாருங்கள். புகை முகத்துக்கு வந்தால் கால் மணி நேரம் செலவழித்தாவது வேலையைத் திருப்பி வையுங்கள். தரையில் உட்கார்ந்து குனிவதைவிட இடுப்புயர மேசையில் வைத்து, தலையைப் புகைத்தூணுக்கு வெளியே வைத்து வேலை செய்வது இன்னும் பலன் தரும்.

வெளிக்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் மிக், டிக் வேலையில் வெல்டைக் காக்கும் கேஸ் கலைந்து வெல்டில் ஓட்டை விழும். அதற்காக நாலாபுறமும் தடுப்பு கட்டினால் புகை உள்ளேயே தேங்கும். காற்று வரும் பக்கமும் அதை ஒட்டிய ஒரு பக்கமும் மட்டும் தடுத்து, அடியில் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விட்டு, மேலே திறந்துவிடுங்கள். தடுப்பு இரும்புத் தகடாகவோ தீப்பிடிக்காத வெல்டிங் திரையாகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயில் பொறி பட்டால் அதுவே புது நாற்றத்துக்குக் காரணமாகும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காசு செலவில்லை. இரவில் தரை குளிர்ந்து அதன் மேல் குளிர்காற்று அடுக்காகப் படிந்திருக்கும். அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் புகை மேலே போகாமல் அந்த அடுக்கிலேயே படுத்து வீடு வீடாக நகரும். வெயில் ஏறித் தரை சூடான பிறகு காற்று மேலெழும், புகையும் கலைந்துவிடும். அதிகம் புகையும் வேலைகளை முற்பகல் முதல் பிற்பகல் வரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவர் சேரும் மூலையும், கட்டடத்தின் காற்று மறைவான பக்கமும் புகை சுழன்று தேங்கும் இடங்கள். ஏர் கூலர் காற்றை இழுக்கும் பக்கம், திறந்த ஜன்னல், துணி காயும் கொடி இவை காற்று போகும் திசையில் இருக்கின்றனவா என்று முதலில் ஒரு பார்வை பாருங்கள். ஆரம்பிக்கும் முன் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

உறிஞ்சுகுழாய் வைப்பதென்றால்

ஃபேன் எதிரிலிருந்து ஊதுவதைவிட அருகிலிருந்து உறிஞ்சுவது மேல். ஆனால் உறிஞ்சும் குழாயின் பிடி, தூரம் கூடக்கூட மிக வேகமாகச் செத்துவிடும். ஒரு குழாய் விட்டத்தின் தூரம் தள்ளினாலே வாயில் இருந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சும்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். புகையைப் பிடிக்க ஆர்க் இருக்கும் இடத்தில் நொடிக்கு 0.5 மீட்டர் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 15 செ.மீ. விட்டமுள்ள குழாயின் வாய் ஆர்க்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால், மணிக்கு ஏறத்தாழ 1,650 கன மீட்டர் காற்றை இழுக்க வேண்டும். அதே குழாயை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 440 கன மீட்டரே போதும். குழாய் வாயைச் சுற்றி 12 முதல் 15 செ.மீ. அகலத்துக்கு ஒரு தகட்டு விளிம்பு பொருத்தினால், பின்பக்கத்திலிருந்து வீணாக இழுக்கும் காற்று குறைந்து, தேவை இன்னும் கால்பங்கு இறங்கும். பெரிய மோட்டாருக்குச் செலவழிப்பதற்கு முன் குழாயை நகர்த்திப் பாருங்கள். வெல்ட் முன்னேற முன்னேற குழாயும் கூடவே வர வேண்டும். அதனால் காந்த அடி உள்ள ஸ்டாண்ட் வசதி. வெட்டவெளியில் குறுக்குக் காற்றே நொடிக்கு 1 மீட்டர் அடித்தால் இந்த 0.5 மீட்டர் தோற்றுவிடும். ஆகவே மேலே சொன்ன தடுப்பு இல்லாமல் உறிஞ்சுகுழாய் மட்டும் வைத்துப் பயனில்லை.

சுவரில் மாட்டும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் குழாயும் ஃபில்டரும் மாட்டினால் அது சுற்றும், இழுக்காது. எதிர் அழுத்தத்தைத் தாங்கி இழுக்கச் சென்ட்ரிஃபியூகல் பிளோயர் (காற்றை நடுவில் இழுத்துப் பக்கவாட்டில் தள்ளும் வகை) வேண்டும். குழாய் உலோகமாக இருக்கட்டும், வளைவுகள் குறைவாக இருக்கட்டும். ஃபில்டருக்கு முன்னால் பொறி தடுக்கும் வலையோ தடுப்புத் தகடோ கட்டாயம். கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி போதும், ஃபில்டர் உள்ளேயே பற்றிக்கொள்ளும். வீட்டு வேக்வம் கிளீனரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்: அதே தீ ஆபத்து, கூடவே நுண்துகள் பின்பக்கம் வழியாக வெளியே வந்துவிடும்.

புகை குறைந்தும் நாற்றம் குறையவில்லை என்று கேட்பார்கள். துகளைப் பிடிக்கும் ஃபில்டர் வாயுவைப் பிடிக்காது. பெயின்ட், எண்ணெய், ரெசின் கருகும் வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் அடுக்கு வேண்டும். அது துகள் ஃபில்டருக்குப் பின்னால்தான் வர வேண்டும், முன்னால் வைத்தால் சீக்கிரமே தூசி அடைத்து வீணாகும். கார்பன் நிறைந்ததும் நாற்றம் திரும்ப வரும். அதுதான் மாற்றச் சொல்லும் அடையாளம்.

தண்ணீர் தெளித்தால் புகை அடங்கும் என்று பலர் செய்கிறார்கள். வெல்டிங் புகைத் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் சிறியவை. தெளிக்கும் துளியைச் சுற்றிக்கொண்டு காற்றோடு போய்விடும். கிரைண்டிங் தூசிக்கு நனைத்த தரை உதவும், வெல்டிங் புகைக்கு உதவாது. ஈரத் தரையில் வெல்டிங் மெஷினோடு நிற்பது ஷாக் அடிக்க வழி.

கட்டிங் வேலையில்

கட்டிங் வீலின் கருகிய வாடை பெரும்பாலும் வீலை ஒட்டவைத்திருக்கும் ஃபினாலிக் ரெசின் எரிவதால் வருகிறது. அழுத்திப் பிடிக்கப் பிடிக்க ரெசின் அதிகம் கருகும். மெல்லிய 1 மி.மீ. வீலை அதன் எடையிலேயே ஓடவிட்டால் வாடையும் குறையும், வீலும் அதிக நாள் உழைக்கும். அதைவிட நல்லது பேண்ட் சா, அல்லது கார்பைட் பல் பிளேடு போட்ட குறைந்த வேக மெட்டல் சா. அவற்றில் புகைக்குப் பதில் சுருள் சுருளாகச் சீவல் விழும். ஆனால் கார்பைட் பிளேடைக் கட்டிங் வீல் மெஷினில் மாட்டிவிடக் கூடாது. அந்தப் பிளேடு நிமிடத்துக்கு 1,300 முதல் 1,500 சுற்று ஓடுவதற்கானது. கட்டிங் வீல் மெஷின் 3,500-க்கு மேல் ஓடும், பல் தெறித்து ஆளைக் குத்தும்.

கேஸ் கட்டிங்கில் அசிட்டிலினை மட்டும் திறந்து பற்றவைக்கும் நொடியில் கருப்புக் கரித்துகள் நூல் நூலாகப் பறந்து பக்கத்துத் துணியில் படியும். அசிட்டிலின் வால்வைப் புகை நிற்கும் அளவுக்குத் திறந்து, உடனே ஆக்சிஜனைக் கொடுங்கள். தடிமனுக்கு ஏற்ற நாசில் இல்லாவிட்டால் ஆள் நிதானமாக, அதிகச் சூட்டோடு வெட்டுவார், புகையும் ஸ்லாக்கும் (உருகி ஒட்டிக்கொள்ளும் கசடு) பெருகும். மேல் விளிம்பு உருண்டு உருகியிருந்தால் பிரீஹீட் (வெட்டும் முன் தகட்டைச் சூடாக்கும் சுடர்) அதிகம் என்று அர்த்தம்.

பிளாஸ்மாவில் தகட்டுக்கு அடியில் தண்ணீர் நிறைத்த இரும்புத் தட்டு வைத்தால் பொறியும் புகையில் ஒரு பங்கும் அதில் இறங்கிவிடும். அலுமினியத்துக்கு இதைச் செய்யக் கூடாது: உருகிய அலுமினியமும் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வெளியாகித் தகட்டுக்கு அடியில் தேங்கி வெடிக்கும். பழைய டிரம், பெட்ரோல் டேங்க் போன்றவற்றை, கழுவியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் வெட்டாதீர்கள்.

மாஸ்க்

துணியும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் வெல்டிங் புகையை நிறுத்தாது. ஹெல்மெட்டுக்குள் அடங்கும் தட்டையான பி100 அல்லது பி3 ஃபில்டர் (நுண்துகளைப் பிடிக்கும் உயர்தர வகைகள்) போட்ட ரப்பர் ஹாஃப் மாஸ்க்தான் நெடுநாள் உழைக்கும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். அவர்களுக்கு மோட்டார் வைத்துச் சுத்தக் காற்று ஊட்டும் தளர்வான ஹெல்மெட் வகைதான் சரி. துகள் ஃபில்டர் வாயுவை நிறுத்தாது. பெயின்ட் வாடை மாஸ்க்குக்குள்ளும் வந்தால் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் சேர்க்க வேண்டும், கூடவே பெயின்ட்டை ஏன் முழுக்க எடுக்கவில்லை என்றும் பார்க்க வேண்டும். எஸ்எஸ் வேலைக்கு மாஸ்க் இல்லாமல் ஒரு டேக் (தற்காலிகமாகப் பிடிக்க வைக்கும் சின்ன வெல்டு) கூட வேண்டாம். அந்தப் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. அமெரிக்கத் தொழிலிட விதி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை.

வேலை முடிந்த பிறகு

மெஷினை அணைத்த பிறகும் வாடை நின்றால் எங்கோ ஏதோ கனன்றுகொண்டிருக்கிறது. எண்ணெய்த் துணி, காய்ந்த சருகு, மரச்சட்டம், ரப்பர் ஷீட் இவற்றைப் புரட்டிப் பாருங்கள். பொறி 10 மீட்டருக்கு மேலும் ஓடும். குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் தண்ணீரோடு அங்கேயே இருக்க வேண்டும். கிரைண்டிங் தூசியைக் கம்பிரசர் காற்றால் ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் வழித்தெடுங்கள். அலுமினியத் தூளையும் துருப்பிடித்த இரும்புத் தூளையும் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள், அந்தக் கலவையில் பொறி விழுந்தால் தண்ணீரால் அணைக்க முடியாத தெர்மைட் தீ பிடிக்கும். உறிஞ்சுகுழாயின் ஃபில்டரைத் தட்டித் திரும்பப் போடாமல், மாஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.